வீட்டில் பீர் காய்ச்சுவது: மளிகைக்காரர் தெரிந்துகொள்ள வேண்டியவை

பார்லி ஐந்து கிலோ, ஈஸ்ட் நாலு பாக்கெட், நாட்டுச் சர்க்கரை இரண்டு கிலோ என்று ஒரே சிட்டையில் எழுதிக்கொண்டு இளைஞர்கள் கடைக்கு வருவது இப்போது பெரிய நகரங்களில் மட்டும் நடப்பதல்ல. நம் திருக்காட்டுப்பள்ளி, பூதலூர் மாதிரியான ஊர்களிலும் ஒன்றிரண்டு பேர் வரத் தொடங்கிவிட்டார்கள். பார்லி என்றால் நம் கடைகளில் நீர்க்கடுப்புக்கும், பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களின் கால் வீக்கத்துக்கும் கஞ்சி வைக்க 200 கிராம் வாங்குகிற சரக்கு. ஐந்து கிலோ கேட்டால் எதற்கு என்று யோசிக்கத்தான் வேண்டும். கைப்பேசியில் படம் பார்த்து வீட்டிலேயே பீர் காய்ச்சிப் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான் பெரும்பாலும் காரணம். நமக்கு அதில் என்ன என்று இருந்துவிட முடியாது. பீருக்கு வேண்டிய சாமான்களில் பெரும்பகுதி மளிகைக் கடையில் கிடைப்பவை. அதே சாமான் எப்போது வெறும் சரக்கு, எப்போது குற்றத்துக்குத் துணை என்பதை வியாபாரி தெரிந்து வைத்திருக்க வேண்டும். அதற்கு முதலில் பீர் எப்படி உண்டாகிறது என்பது புரிய வேண்டும்.

கள் தானாகப் புளிக்கும். பனை, தென்னைப் பாளையிலிருந்து இறங்கும் சாற்றில் சர்க்கரை முன்பே இருக்கிறது. காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் அந்தச் சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தையும் கரியமில வாயுவையும் வெளியிடுகிறது. காலையில் இறக்கியது மாலைக்குள் நுரைத்துவிடும். தானியத்தில் அப்படி நடக்காது. நெல்லிலும் பார்லியிலும் இருப்பது மாவுச்சத்து. அதை ஈஸ்ட் தின்னாது. மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக் கொடுத்தால்தான் தின்னும். அந்த மாற்றத்தைச் செய்வதற்கு இயற்கையே ஒரு வழி வைத்திருக்கிறது. விதை முளைக்கும்போது, தன் குருத்துக்கு உணவாக மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் ஒரு சத்து விதைக்குள்ளே உண்டாகிறது. நம் வீட்டுப் பெண்கள் குழந்தைக்குக் கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து அரைத்துக் கஞ்சி காய்ச்சினால் அது சாதாரண கேழ்வரகுக் கஞ்சியைவிட இனிப்பாகவும் நீர்க்கவும் இருக்கிறதே, அதற்கும் இதுதான் காரணம். முளைகட்டி உலர்த்திய தானியத்துக்குத்தான் மால்ட் என்று பெயர். முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து, இனிப்பு நீரை வடித்து, காய்ச்சி, ஆறவைத்து, ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்தால் அது பீர். அதையே பானையிலிட்டு அடியில் எரித்து ஆவியைப் பிடித்து இறக்கினால் சாராய வகை. ஊறலுக்கும் சாராயத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் பீருக்கும் விஸ்கிக்கும் உள்ள வித்தியாசம்.

இதை வெள்ளைக்காரன் கொண்டுவந்த வித்தை என்று எண்ண வேண்டாம். பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையில், கடியலூர் உருத்திரங்கண்ணனார் அரிசியால் கள் சமைக்கும் முறையை ஒரு சமையல் குறிப்பைப் போலவே சொல்லியிருக்கிறார். சரியாகத் தீட்டாத அரிசியைக் குழைய வேகவைத்துக் களியாகத் துழாவி, வாய் அகன்ற தட்டுப் பாத்திரத்தில் ஆறவிட்டு, அதில் முளை அடையைப் பிசைந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கெட்டியான வாயுள்ள சாடியில் வைத்து விளையவிட்டு, பிறகு விரலால் அலைத்துப் பிழிந்தெடுப்பார்களாம். முளை அடை என்றால் முளைகட்டிய நெல்லை இடித்துச் செய்தது; அதாவது இன்றைய மால்ட். ஆறவிட்ட பிறகுதான் அடையைச் சேர்க்க வேண்டும் என்பதைக்கூடச் சரியாகச் சொல்லியிருக்கிறார். கொதிக்கிற களியில் போட்டால் முளையின் சக்தி செத்துவிடும். வீட்டில் சமைத்த இந்த நெல்லுக் கள்ளுக்குத் தோப்பி என்ற பெயரும் அதே நூலில் வருகிறது. நெல் விளையும் நம் சீமைக்கு இது அந்நியமான சங்கதி இல்லை. பிற்காலத்தில் நாம் மறந்துவிட்டோம். பனையும் தென்னையும் சிரமமில்லாமல் கள் கொடுக்கும்போது யார் நெல்லை முளைகட்டிக்கொண்டு இருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

வடகிழக்கு மாநிலங்களில் இன்றும் இது நடக்கிறது. அசாமில் திமாசா மக்கள் செய்யும் ஜூதிமா என்ற அரிசி மதுவுக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஜார்க்கண்ட், ஒடிசாப் பக்கம் ஹண்டியா என்று அரிசியில் செய்கிறார்கள். அங்கெல்லாம் பழங்குடி மக்கள் தங்கள் வீட்டு உபயோகத்துக்குச் செய்துகொள்ளச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. அந்த விலக்கு அந்த மாநிலங்களுக்கும் அந்த மக்களுக்கும் உரியது.

மேல்நாட்டில் எப்படிச் செய்கிறார்கள்

பிரிட்டனில் வீட்டில் பீர் காய்ச்ச லைசென்ஸ் வேண்டும் என்ற விதியை 1963-ல் எடுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் 1978-ல் சட்டம் திருத்தப்பட்டு, ஒரு வீட்டுக்கு வருஷத்துக்கு 200 காலன் வரை வரியில்லாமல் செய்துகொள்ளலாம் என்றானது. நம் பக்கத்துப் பிள்ளைகள் அதிகம் வேலை பார்க்கும் சிங்கப்பூரில் 2004-ல் அனுமதி வந்தது. மாதத்துக்கு ஒரு குடும்பத்துக்கு 30 லிட்டர், விற்கக் கூடாது என்பது விதி. லீவில் ஊருக்கு வரும் பிள்ளைகள் அங்கே பார்த்ததை இங்கே பேசுகிறார்கள். அங்கே இதற்கென்றே தனிக் கடைகள் இருக்கின்றன. நம் மளிகைக் கடைக்காரர் மாதிரிதான் அந்தக் கடைக்காரரும். மூட்டை மூட்டையாக மால்ட், பாக்கெட்டில் ஈஸ்ட், டப்பாவில் ஹாப்ஸ் என்று வைத்து வியாபாரம் செய்கிறார்.

சுமார் 20 லிட்டர் பீருக்கு அவர்கள் நாலு முதல் ஐந்து கிலோ மால்ட் எடுக்கிறார்கள். அதைக் குருணையாக உடைத்து, 65 டிகிரி அளவுள்ள வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்கிறார்கள். கை பொறுக்காத சூடு, ஆனால் கொதிநிலை இல்லை. சூடு குறைந்தால் சர்க்கரையாவது மெதுவாகும்; 75 டிகிரிக்கு மேல் ஏறினால் மால்ட்டின் சக்தி போய்விடும். வடித்த இனிப்பு நீரை ஒரு மணி நேரம் கொதிக்கவைக்கும்போது 25, 30 கிராம் ஹாப்ஸ் சேர்க்கிறார்கள். ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் பூ. பீருக்குக் கசப்பும் வாசனையும் கொடுப்பதும், சீக்கிரம் கெடாமல் காப்பதும் அதுதான். நம் நாட்டில் இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் பயிராகிறது. குளிர் இல்லாத இடத்தில் சரியாக வராது. ஜெர்மனியின் பவேரியாவில் 1516-ல் போட்ட சட்டப்படி பீருக்குப் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மூன்றுதான் சேர்க்கலாம். ஈஸ்ட்டைப் பற்றி அதில் பேச்சே இல்லை. அப்படி ஒரு உயிர் இருப்பது அன்று யாருக்கும் தெரியாது.

கொதித்ததை வேகமாக ஆறவைத்து, நன்றாகக் கழுவிய மூடியுள்ள பாத்திரத்தில் ஊற்றி, 11 கிராம் ஈஸ்ட் தூவி, வாயு மட்டும் வெளியே போகும்படி ஒரு குழாய் வைத்து மூடுகிறார்கள். இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். எவ்வளவு சர்க்கரை தீர்ந்தது என்பதைப் பால்காரர் வைத்திருக்கும் லாக்டோமீட்டர் மாதிரியான ஒரு கண்ணாடிக் குழாயைப் போட்டுப் பார்க்கிறார்கள். தண்ணீர் 1.000 என்றால், ஆரம்பத்தில் இனிப்பு நீர் 1.050 காட்டும், முடிவில் 1.010-க்கு இறங்கும். இந்த இறக்கத்தைக் கொண்டு சாராயச் சத்து சுமார் 5 சதவீதம் என்று கணக்குப் பார்க்கலாம். பிறகு பாட்டிலில் லிட்டருக்கு ஆறேழு கிராம் சர்க்கரை சேர்த்து மூடிவைத்தால் உள்ளேயே வாயு உண்டாகி நுரை வரும். அளவு தப்பிச் சர்க்கரையைக் கூடப் போட்டாலோ, புளிப்பு அடங்குமுன் அடைத்தாலோ பாட்டில் வெடிக்கும். சோடா பாட்டில் வெடித்துக் கண்ணாடித் துண்டு தெறித்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி நம் கடைச் சரக்குக்கு வருவோம். நாம் விற்பது தோலும் முனையும் நீக்கி மெருகேற்றிய பார்லி. முளைக்கும் கண்ணே அதில் இருக்காது. அதை எத்தனை நாள் ஊறவைத்தாலும் முளைக்காது, நாறத்தான் செய்யும். அதை வேகவைத்து ஈஸ்ட் போட்டால் கெட்டுப்போன கஞ்சி கிடைக்கும், பீர் கிடைக்காது. மால்ட்டுக்கான பார்லி உமியோடு இருக்க வேண்டும். அது ராஜஸ்தான், ஹரியானாப் பக்கம் ஒப்பந்த முறையில் பயிராகி மால்ட் கம்பெனிகளுக்கு நேரே போய்விடுகிறது. நம் மார்க்கெட்டுக்கு வருவதே அபூர்வம். ரொட்டிக்கும் ஆப்பத்துக்கும் நாம் விற்கும் உலர்ந்த ஈஸ்ட், பீர் ஈஸ்ட்டின் இனம்தான் என்றாலும் ரொட்டியை வேகமாக உப்பவைப்பதற்காகத் தேர்ந்தெடுத்தது. பானத்தில் சரியாக அடியில் படியாது, மாவு வாசனை நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலாக நம் வெயில் இருக்கிறது. வழக்கமான பீர் ஈஸ்ட் 18 முதல் 22 டிகிரி வரை சூட்டை விரும்பும். சித்திரை, வைகாசியில் இங்கே நிழலிலேயே அதைவிடப் பதினைந்து டிகிரி கூட இருக்கிறது. அந்தச் சூட்டில் ஈஸ்ட் தாறுமாறாக வேலை செய்து தலைவலி தரும் வாடைகளை உண்டாக்கும். கூடவே புளிப்புக் கிருமிகள் பெருகி இரண்டு நாளில் காடியாக்கிவிடும். வெள்ளைக்காரர்கள் பீர் ஆலைகளைக் கசௌலியிலும் ஊட்டியிலும் வைத்ததற்கு அவர்கள் உடம்பு மட்டும் காரணமல்ல.

ஆகவே படத்தைப் பார்த்து மளிகைச் சாமான் வாங்கிப் போகிறவர்களுக்குப் பீர் கிடைப்பதில்லை. சர்க்கரையும் ஈஸ்ட்டும் மட்டும் போட்டு ஏதோ ஒரு புளித்த தண்ணீர் செய்வார்கள். அதற்கு நம் ஊரில் பழைய பெயர் ஊறல்.

விஷச் சாராயமும் இதுவும் ஒன்றா

வீட்டு பீர் குடித்தால் கண் போய்விடும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. அது சரியல்ல. தானியத்தைப் புளிக்கவைப்பதில் மெத்தனால் என்ற விஷம் உண்டாவது ஒன்றுமில்லை என்று சொல்லும் அளவுதான். 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இருபதுக்கும் மேற்பட்டவர்கள், 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்களே, அவையெல்லாம் ஆலைகளுக்கான மெத்தனாலைக் கலந்து விற்றதால் வந்த சாவு. அங்கே யாரும் எதையும் காய்ச்சவில்லை, புளிக்கவைக்கவும் இல்லை. பெயிண்டு, ஹார்டுவேர் வியாபாரம் செய்யும் உறுப்பினர்கள் இதில்தான் கண்ணும் கருத்துமாக இருக்க வேண்டும். மெத்தில் ஆல்கஹால், பிரெஞ்ச் பாலிஷ் வார்னிஷ் ஆகியவற்றுக்குத் தமிழ்நாட்டில் 1959-லேயே தனி விதிகள் போடப்பட்டன. மெத்தனாலை உரிமமும் கணக்கும் இல்லாமல் கையில் வைத்திருப்பது ஒரு கேன் ஆனாலும் ஆபத்து.

சட்டம் என்ன சொல்கிறது

1937-ல் ராஜாஜி அமைச்சரவை கொண்டுவந்த மதுவிலக்குச் சட்டம்தான் இன்றும் தமிழ்நாட்டில் நடப்பில் இருக்கிறது. அந்த ஆண்டு அக்டோபர் முதல் தேதி சேலம் மாவட்டத்தில் தொடங்கி, 1948-ல் மாகாணம் முழுவதும் பரவியது. 1971-ல் தளர்த்தினார்கள், 1974-க்குள் மீண்டும் கொண்டுவந்தார்கள், 1981-ல் மறுபடி தளர்த்தினார்கள். 1983-ல் டாஸ்மாக் வந்தது. 2003-ல் சில்லறைக் கடைகளையும் அதுவே எடுத்துக்கொண்டது. கள் 1987 முதல் தடையில் இருக்கிறது. அரசே கடை வைத்து விற்கும்போது மதுவிலக்குச் சட்டம் எங்கே இருக்கிறது என்று பலர் கேட்பதுண்டு. இருக்கிறது. எல்லாவற்றையும் தடுப்பதுதான் அந்தச் சட்டத்தின் பொது விதி. உரிமம் பெற்ற ஆலையும் அரசுக் கடையும் அதற்கு விலக்கு. விலக்கு இல்லாதவருக்குத் தடை அப்படியே நிற்கிறது.

அந்தச் சட்டத்தில் மது என்ற சொல்லுக்குள் கள், சாராயம், ஒயினோடு பீரும் பெயர் சொல்லியே அடங்கும். ஆல்கஹால் கலந்த எந்தத் திரவமும் அடங்கும். நாலாவது பிரிவின்படி தயாரிப்பது மட்டும் குற்றமல்ல. தயாரிக்கும் நோக்கத்தோடு பொருள்களையோ பாத்திரத்தையோ கருவியையோ வைத்திருப்பதும் குற்றம். சிங்கப்பூரைப் போல வீட்டுக்கு இத்தனை லிட்டர் என்ற சலுகை இங்கே கிடையாது. சொந்தமாகக் குடிக்கத்தானே, விற்கவில்லையே என்பது பதிலாகாது. கள்ளக்குறிச்சிக்குப் பிறகு 2024 ஜூனில் சட்டமன்றம் தண்டனைகளைக் கடுமையாக்கித் திருத்தமும் செய்திருக்கிறது. இஞ்சியும் சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டுப் புளிக்கவைக்கும் ஜிஞ்சர் பீரும் நாள் கடந்தால் ஆல்கஹால் ஏறக்கூடியதுதான் என்பதைக் கேட்கிறவர்களிடம் சொல்லிவிடுவது நல்லது. இஞ்சிச் சாறும் சோடாவும் கலந்தால் அந்தத் தொல்லை இல்லை.

வியாபாரிக்கு உரிய இடம் எது? நோக்கம் என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. வெல்லம், சர்க்கரை, பார்லி, ஈஸ்ட், கடுக்காய் எதுவும் தனியாகத் தடை செய்யப்பட்ட சரக்கல்ல. ஆலைக் கழிவுப்பாகு என்கிற மொலாசஸ் மட்டும் வேறு. அதற்கு 1958-ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன, அனுமதியில்லாமல் தொடவே கூடாது. மாட்டுத் தீவனத்துக்கு என்று யாராவது பேரல் கணக்கில் கேட்டாலும் பேப்பர் இல்லாமல் ஏற்பாடு செய்து தர வேண்டாம். வெல்லத்தில் என்ன சங்கடம் வரும் என்பதற்கு ஆந்திராவைப் பார்க்கலாம். அங்கே கருப்பு வெல்லம் மொத்தமாக விற்ற வியாபாரிகள் மீது வழக்குப் போட்டு, மூட்டைகளையும் லாரிகளையும் கைப்பற்றி, அந்த வழக்குகள் உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு வரை சென்றன. வெல்லம் வைத்திருப்பதே குற்றமல்ல, ஆனால் சாராயத்துக்குப் போகிறது என்று தெரிந்து கொடுத்தால் குற்றம் என்ற அளவில்தான் சட்டம் நிற்கிறது. தெரிந்து கொடுத்தாரா, தெரியாமல் கொடுத்தாரா என்பதை எதை வைத்துத் தீர்மானிப்பார்கள்? நம் பில்லையும் பேரேட்டையும் வைத்துத்தான்.

பாபநாசம் பக்கத்து அச்சு வெல்லம் பொங்கலுக்கு நூறு சிப்பம் போனால் யாரும் கேட்கப்போவதில்லை. ஆடி மாதத்தில், கோயில் காரியமும் கல்யாணமும் இல்லாத ஒருவர், நிறம் கருத்த மட்ட வெல்லமாகப் பார்த்து வாரம் இரண்டு மூட்டை ரொக்கத்துக்கு வாங்கி, பில் வேண்டாம், பெயர் எழுத வேண்டாம் என்றால், அந்த வியாபாரத்தில் வரும் லாபம் ஒரு வக்கீலின் முதல் நாள் பீஸுக்குக் காணாது. கூடவே நவச்சாரமும் கேட்டால் சொல்லவே வேண்டியதில்லை. மொத்தச் சரக்குக்குப் பெயர், ஊர், வண்டி எண்ணோடு பில் போடுவது நமக்குத்தான் கவசம். நான் கடையில் கணக்கெழுதும் பையனுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

சில்லறைக் கடைக்காரர் இன்னொரு விஷயத்தில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பார்லியும் ஈஸ்ட்டும் தனித்தனியே அலமாரியில் இருக்கும் வரை அவை மளிகை. அவற்றை ஒரே பையில் போட்டு, செய்முறைத் தாளையும் வைத்து, பீர் செய்யும் செட் என்று பலகை மாட்டினால் நோக்கத்தை நாமே எழுதிக் கொடுத்ததாகும். வெளியூர் கம்பெனி ஏஜெண்டுகள் இப்படிப்பட்ட செட்டுகளைக் கமிஷன் ஆசை காட்டித் தள்ளப் பார்க்கலாம். வேறு மாநிலத்தில் அது நடக்கலாம். நம் கடையில் வேண்டாம். எப்படிப் போடுவது, எத்தனை நாள் வைப்பது என்று வாடிக்கையாளர் கேட்டால், இந்த பார்லி முளைக்காது, இங்கே சட்டமும் இடம் தராது என்று இரண்டே வார்த்தையில் சொல்லி அனுப்பலாம். பெரும்பாலும் பையன்கள் அதோடு விட்டுவிடுவார்கள். ஆல்கஹால் இல்லாத மால்ட் பானங்கள் டின்னில் வருகின்றன. அவற்றை எடுப்பவர்கள் உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும், ஆல்கஹால் இல்லை என்ற லேபிளும் இருக்கிறதா என்று ஒவ்வொரு லாட்டிலும் பார்த்து இறக்க வேண்டும்.

மால்ட் என்ற சரக்கில் நமக்கு நேர்மையான வியாபாரம் வேறு இடத்தில் இருக்கிறது. முளைகட்டிய கேழ்வரகு மாவுக்கு இப்போது தேவை ஏறிக்கொண்டே வருகிறது. சர்க்கரை வியாதிக்காரர்களும், குழந்தை உள்ள வீடுகளும் தேடி வாங்குகிறார்கள். மகளிர் குழுக்கள் செய்து கொடுக்கிறார்கள். கேழ்வரகைப் பன்னிரண்டு மணி நேரம் ஊறவைத்து, ஈரத்துணியில் இரண்டு நாள் முளைகட்டி, முளை நூல் போல நீண்டதும் நிழலில் உலர்த்தி, லேசாக வறுத்து அரைக்க வேண்டும். கொள்முதல் செய்யும்போது ஒரு சிட்டிகை வாயில் போட்டுப் பாருங்கள். மெல்ல மெல்ல இனிப்புத் தட்டினால் உண்மையாக முளைகட்டியது. புளிப்பு வாடை வந்தால் முளையை உலர்த்துவதில் தாமதம் செய்திருக்கிறார்கள். நெல்லரவை மில் பக்கத்தில் மூட்டையை அடுக்காதீர்கள், வண்டு சீக்கிரம் விழும். மழைக்காலத்தில் இரண்டு மாதத்துக்கு மேல் இருப்பு வைக்க வேண்டாம்.